128³ துகள் சிமுலேஷன்: வலை தெரிகிறது, கொத்துகளைக் காணோம்

வெற்றுவெளி (கேள்வி)

பேரண்டத்தின் பெருங்கட்டமைப்பு உருவாவதை இருட்பொருளை மட்டும் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அமைப்பு இதுதான்:

பெட்டியின் பக்கம் 100 மெகாபார்செக், துகள்கள் 128³, தொடக்கம் செம்பெயர்ச்சி 49 (பேரண்டம் இன்றைய அளவில் 1/50 இருந்த காலம்; எண் குறையக் குறைய இன்றைக்கு அருகில்), துகள்களின் தொடக்க இடத்துக்கும் வேகத்துக்கும் ஸெல்டோவிச் தோராயம், மென்மையாக்க நீளம் (இதற்குள் ஈர்ப்பு மட்டுப்படுத்தப்படும்) 1 கிலோபார்செக். நிரல் காட்ஜெட்-4 (துகள்களின் ஈர்ப்பைக் கணக்கிட்டு நகர்த்துவது). பிளாங்க் செயற்கைக்கோளின் 2018 மதிப்புகள்: பொருளடர்த்தி 0.315, ஹபிள் மாறிலி 67.4, சிக்மா-8 (8 மெகாபார்செக் அளவில் அடர்த்தி ஏற்ற இறக்கம்) 0.811. பவர் ஸ்பெக்ட்ரம் (எந்த அலைநீளத்தில் அடர்த்தி மாறுபாடு எவ்வளவு என்ற கணக்கு) கிளாஸ் நிரலில் எடுத்தது. தொடக்கக் கோப்பை காட்ஜெட் வடிவத்துக்கு மாற்றும் ஸ்கிரிப்ட் மட்டும் சொந்தமாக எழுதியது. (நீளம், நிறை, அலையெண் எல்லாமே ஹெச் (ஹபிள் மாறிலி/100) சேர்த்த அலகில். ஒவ்வொரு இடத்திலும் குறிப்பிடவில்லை.)

படம் பார்க்க அழகாகத்தான் வருகிறது. இழை, முடிச்சு, வெற்றுவெளி எல்லாம் உண்டு. ஆனால்:

1. செம்பெயர்ச்சி 49-லிருந்து 9-க்கு வரும்போது பெரிய அலைநீளங்களில் பவர் 25 மடங்கு கூட வேண்டும். 11 மடங்குதான் கூடுகிறது.
2. இன்றைய நிலையில் 10¹⁴ சூரிய நிறைக்கு மேல் 3 ஹாலோதான் (ஹாலோ: தன் ஈர்ப்பால் சரிந்து நிற்கும் இருட்பொருள் திரள்; இந்த நிறையில் அவைதான் கொத்துகள்).
3. வெற்றுவெளிகளின் நடுவே சதுரக் கட்டம் போட்டது போல் துகள்கள் வரிசை கட்டி நிற்கின்றன.
4. ஓட்டம் தாங்கமுடியாத அளவுக்கு மெதுவாகப் போகிறது.

எங்கே தேடுவது?

---

நுண்ணலை

முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அந்த 11 என்ற எண்ணே காட்டிக்கொடுக்கிறது: உங்கள் ஸ்கிரிப்ட் வேகத்தைத் தப்பாக எழுதுகிறது.

கணக்கைப் பாருங்கள். பொருள் ஆதிக்கக் காலத்தில் அடர்த்தி மாறுபாட்டுக்கு இரண்டு தீர்வுகள். ஒன்று விரிவுக் காரணிக்கு (இன்று 1, செம்பெயர்ச்சி 49-ல் 0.02) நேர்விகிதத்தில் வளரும். இன்னொன்று அதன் −3/2 அடுக்கில் தேயும். ஸெல்டோவிச் தோராயம் இடப்பெயர்ச்சிக்கும் வேகத்துக்கும் ஒரு குறிப்பிட்ட விகிதம் கொடுப்பதே, வளரும் தீர்வு மட்டும் பெட்டிக்குள் இருக்கவேண்டும் என்பதற்காக. அந்த விகிதம் கெட்டால் தேயும் தீர்வும் கலந்துவிடும். கோப்பில் உள்ள வேகம் சரியான வேகத்தின் ‘வே’ பங்கு என்றால், வளரும் பகுதி (3 + 2வே)/5, தேயும் பகுதி 2(1 − வே)/5.

காட்ஜெட் கோப்பில் எதிர்பார்ப்பது சாதாரண தனிவேகத்தை (பேரண்ட விரிவைக் கழித்த வேகம்) அல்ல, அதை விரிவுக் காரணியின் வர்க்கமூலத்தால் வகுத்த எண்ணை. நீங்கள் தனிவேகத்தை அப்படியே எழுதினால், நிரல் அதை √0.02 ஆல் பெருக்கிக்கொள்ளும். வே = 0.141. வளரும் பகுதி 0.657. செம்பெயர்ச்சி 9-க்குள் அது 5 மடங்காகி 3.28, தேயும் மிச்சம் 0.03. கூட்டினால் 3.31, வர்க்கப்படுத்தினால் 11. உங்கள் எண் தசமம் வரை பொருந்துகிறது.

இதன் விளைவு இன்றுவரை இழுக்கும். உங்கள் பெட்டி சிக்மா-8 0.811 உள்ள பேரண்டம் இல்லை, 0.53 உள்ள பேரண்டம். கொத்துகள் அடர்த்திப் பரவலின் வால் நுனியில் பிறப்பவை. அவற்றின் எண்ணிக்கை சிக்மாவைப் படிக்குறி விகிதத்தில் சார்ந்தது. அதனால் படம் பார்க்க நன்றாகவும் கொத்து எண்ணிக்கை படுமோசமாகவும் வரும். படத்தை வைத்து சிமுலேஷனை நம்பக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

வேகத்தை √0.02 ஆல் வகுத்து எழுதுங்கள். சில தொடக்கநிலை நிரல்கள் ஏற்கெனவே வகுத்தே கொடுக்கும். மறுபடி வகுத்தால் எதிர்ப்பக்கம் விழுவீர்கள், 25-க்குப் பதில் 286 வரும். வேகத்தையே எழுதாமல் பூஜ்யமாக விட்டால் 9-ஐ ஒட்டி வரும். இந்த மூன்று எண்ணையும் ஞாபகம் வைத்துக்கொண்டால் பிழை எந்த வகை என்று பார்த்தவுடன் தெரியும்.

---

மூன்றாம்_தசமம்

நுண்ணலை சொன்னதோடு இன்னும் சில.

மெதுவாக ஓடுவதற்குக் காரணம் மென்மையாக்க நீளம். பக்கத்துக்கு 128 துகளை 100 மெகாபார்செக்கில் பரப்பினால் இடைவெளி 781 கிலோபார்செக். மென்மையாக்கம் இடைவெளியில் 1/25 முதல் 1/40 வரை இருப்பது வழக்கம். உங்களுக்கு 26 போதும். 1 என்று வைத்தால் காலப்படி அதன் வர்க்கமூலத்தோடு சுருங்கும், அதாவது 5 மடங்கு கூடுதல் படிகள். நேரம் போவது மட்டும் இல்லை. ஒவ்வொரு துகளும் 4.2×10¹⁰ சூரிய நிறை உள்ள கட்டி. நிஜத்தில் இருட்பொருள் அப்படிக் கட்டிகளாக இல்லை, மிருதுவான பரவல். மென்மையாக்கம் குறைந்தால் இந்தக் கட்டிகள் நெருங்கி வரும்போது ஒன்றையொன்று சுண்டி எறியும், ஹாலோவின் நடுப்பகுதி செயற்கையாகத் தளர்ந்து போகும். நீளத்தைக் குறைத்தால் துல்லியம் கூடும் என்பது இங்கே செல்லாது.

வெற்றுவெளியில் தெரியும் சதுரக் கட்டம் பிழையே அல்ல. அங்கே துகள் பாதைகள் இன்னும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டவில்லை. நீங்கள் தொடக்கத்தில் அடுக்கிய கட்டம்தான் இழுபட்டு, பெரிதாகி அப்படியே இருக்கிறது. கண்ணை உறுத்தினால் கட்டத்துக்குப் பதில் ‘கிளாஸ்’ அடுக்கிலிருந்து தொடங்கலாம் (பவர் ஸ்பெக்ட்ரம் கொடுக்கும் நிரல் இல்லை, ஈர்ப்பின் குறியை மாற்றி ஓட்டி, துகள்களைச் சமநிலைக்குக் கொண்டுவந்த ஒழுங்கற்ற அடுக்கு). இயற்பியல் மாறாது.

பவர் அளக்கும்போது துகள் எண்ணிக்கைச் சத்தத்தை (பரவலைத் தனித்தனித் துகளாக எண்ணுவதால் வரும் போலிப் பவர்) கழிக்கிறீர்களா என்று பாருங்கள். உங்கள் பெட்டிக்கு அது 0.48 கன மெகாபார்செக். இன்றைய நிலையில் கழிப்பது சரி. ஆனால் கட்டத்தில் தொடங்கிய கோப்பில் அந்தச் சத்தமே கிடையாது, ஏனென்றால் துகள்கள் குருட்டாம்போக்கில் வீசப்பட்டவை அல்ல. செம்பெயர்ச்சி 49-ல் அலையெண் 0.06 அருகே பவரே 6, 7 அளவுதான். கழித்தால் 7% பிழை. அலையெண் 0.5-க்குப் போனால் விடை எதிர்ம எண்ணாகவே வரும்.

ஸெல்டோவிச்சை விட்டு இரண்டாம் வரிசை லக்ராஞ்சியன் தோராயத்துக்கு மாறுங்கள். முதல் வரிசையில் தொடங்கினால் தொடக்கத்தின் தடம் மெதுவாகத்தான் அழியும். முதலில் அடிபடுவது கனமான ஹாலோக்களின் எண்ணிக்கை. அதைச் சரிக்கட்ட செம்பெயர்ச்சி 200-க்குப் போய்த் தொடங்குவதும் நல்ல வழி இல்லை. அங்கே இடப்பெயர்ச்சிகள் மிகச் சிறியவை, ஈர்ப்புக் கணக்கின் எண்பிழை அவற்றோடு போட்டிபோடும்.

---

வெற்றுவெளி

வகுத்தாயிற்று, மென்மையாக்கம் 26, இரண்டாம் வரிசை. இப்போது 24.9 மடங்கு. 10¹⁴-க்கு மேல் 19 ஹாலோ. ஓட்டமும் வேகமாகிவிட்டது. இருவருக்கும் நன்றி.

இனி அடிப்படைச் சந்தேகம். பெருவெடிப்பின் மிச்ச ஒளியான நுண்ணலைப் பின்னணியில் வெப்ப மாறுபாடு லட்சத்தில் ஒரு பங்கு. அது செம்பெயர்ச்சி 1090. அதற்குப் பிறகு வளர்ச்சி ஆயிரம் மடங்குக்குமேல் போகாதே? லட்சத்தில் ஒன்றை ஆயிரத்தால் பெருக்கினால் நூறில் ஒன்று. கேலக்ஸி எப்படி வந்தது? இன்னொன்று, ஈர்ப்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இழுக்கும்போது உருண்டைகள் வராமல் ஏன் இழைகள் வருகின்றன?

---

பழைய_ஒளி

கேள்வியிலேயே விடையில் பாதி இருக்கிறது. நீங்கள் போட்ட கணக்கு சரி. சாதாரணப் பொருள் மட்டும் இருந்திருந்தால் இன்றுவரை ஒரு கேலக்ஸியும் பிறந்திருக்காது. வெப்ப மாறுபாட்டை அடர்த்தி மாறுபாடாக்க 3-ஆல் பெருக்குங்கள், பிறகு 850 மடங்கு வளர்ச்சி (இருண்ட ஆற்றல் கடைசியில் வேகத்தைக் குறைத்துவிடுவதால் முழு 1090 கிடைக்காது). 0.03-ஐத் தாண்டாது. ஒரு பகுதி சரிந்து ஹாலோவாக, நேரியல் கணக்கில் 1.686 வேண்டும்.

நுண்ணலைப் பின்னணி காட்டுவது முக்கியமாக ஒளியோடு கட்டுண்டிருந்த பேரியான்களின் (சாதாரணப் பொருளின்) நிலையை. ஃபோட்டான்களின் அழுத்தம் அவற்றைச் சரியவிடவில்லை. ஒலி அலையாக ஊசலாடிக்கொண்டிருந்தன. இருட்பொருளுக்கு ஒளியோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கதிர்வீச்சு ஆதிக்கம் செலுத்திய வரை விரிவு வேகமாக இருந்ததால் அதன் செறிவுகள் மடக்கை வேகத்தில்தான் ஊர்ந்தன. செம்பெயர்ச்சி 3400 அளவில் பொருளின் கை ஓங்கியதும் முழு வேகத்தில் வளரத் தொடங்கிவிட்டன. ஒளி பிரிந்து பேரியான்கள் விடுபட்டபோது, பள்ளங்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன. வாயு அவற்றில் விழுந்தது. இருட்பொருள் வேண்டும் என்பதற்கு கேலக்ஸிகளின் சுழற்சி வேகத்தைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். என்னைக் கேட்டால் இந்த வளர்ச்சிக் கணக்கே அதைவிட வலுவான சான்று.

உங்கள் பவர் ஸ்பெக்ட்ரத்தில் இந்த வரலாறு அப்படியே பதிந்திருக்கிறது. அலையெண் 0.015 அருகே ஒரு முகடு, அதற்கு மேல் இறக்கம். சிறிய அலைகள் கதிர்வீச்சுக் காலத்திலேயே அடிவானத்துக்குள் (அதுவரை ஒளி கடந்திருக்கக்கூடிய தூரத்துக்குள்) வந்து வளர்ச்சி தடைபட்டவை. உங்கள் பெட்டியில் கொள்ளும் மிகப் பெரிய அலையின் எண் 0.063, முகடு பெட்டிக்கு வெளியே நிற்கிறது. அதைப் பார்க்க பக்கம் 400-க்கு மேல் வேண்டும். பேரியான் ஒலி அலைகள் விட்டுச்சென்ற தடமும் (உண்மை அலகில் 147 மெகாபார்செக், 2005-ல் ஸ்லோன், 2டிஎஃப் கணக்கெடுப்புகளில் கேலக்ஸிகளிடையே அடையாளம் காணப்பட்டது) உங்கள் பெட்டியின் அளவே இருக்கும். அதை இங்கே தேடாதீர்கள்.

இழைக்கு வருவோம். ஈர்ப்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இழுப்பது, சுற்றியுள்ள பொருள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருந்தால் மட்டுமே. எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும் சுற்றுப்புறத்தின் இழுவிசை மூன்று அச்சுகளில் மூன்று விதமாக இருக்கும். ஸெல்டோவிச் 1970-ல் எழுதிய சமன்பாட்டில் அடர்த்தி, மூன்று காரணிகளின் பெருக்கலால் வகுபடுகிறது, ஒவ்வொரு அச்சுக்கும் ஒன்று. எந்த அச்சின் காரணி முதலில் பூஜ்யத்தைத் தொடுகிறதோ அந்தத் திசையில் பொருள் தட்டையாகித் தகடாகிறது. இரண்டாவது அச்சும் சரிந்தால் தகடு இழையாகும். மூன்றாவதும் சரிந்தால்தான் ஹாலோ. தோரஷ்கேவிச் அதே ஆண்டு நிகழ்தகவையும் கணக்கிட்டார்: தற்செயல் புலத்தில் மூன்று அச்சிலும் சுருங்கும் இடங்கள் 8%, மூன்றிலும் விரியும் இடங்கள் 8%. மீதி 84% இடங்களில் ஒன்றோ இரண்டோ அச்சில் மட்டுமே சுருக்கம். முழு உருண்டையாகச் சரிவது அரிதான விஷயம்.

அதனால் உங்கள் பெட்டியில் கனஅளவில் முக்கால் பங்கு வெற்றுவெளியாகவும், நிறையில் ஏறக்குறைய பாதி இழைகளிலும் கிடக்கும். ‘இழை’ எது என்று எந்த நிரலை வைத்துப் பிரிக்கிறீர்களோ அதைப் பொறுத்து இந்த எண்கள் ஆடும். இரண்டு கட்டுரைகளின் எண்களை அப்படியே ஒப்பிடாதீர்கள்.

இதெல்லாம் இருட்பொருள் குளிர்ந்ததாக இருப்பதால் நடக்கிறது. வேகமாக ஓடும் நியூட்ரினோக்களே இருட்பொருளாக இருந்திருந்தால் சிறு செறிவுகள் அழிந்து, முதலில் பெருங்கொத்துகளும் பிறகு அவை உடைந்து கேலக்ஸிகளும் வந்திருக்கும். ஒயிட், ஃப்ரெங்க், டேவிஸ் மூவரும் 1983-ல் அதை ஓட்டிப் பார்த்தார்கள். கிடைத்த வலை, வானத்தில் அளந்த கேலக்ஸிப் பரவலைவிட மிக அதிகமாகக் கொத்துக் கொத்தாக இருந்தது. அந்த யோசனை அத்தோடு கைவிடப்பட்டது.

---

வெற்றுவெளி

தெளிவாகிவிட்டது. அப்படியானால் என் பெட்டியில் கேலக்ஸி எது? ஹாலோ ஒவ்வொன்றையும் கேலக்ஸி என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

குளிர்வாயு

கூடாது. பெட்டியில் கேலக்ஸியே கிடையாது, அது தங்கும் இடம் மட்டும்தான் இருக்கிறது. இருட்பொருள் சரியும், கலங்கும், பிறகு அப்படியே நின்றுவிடும்: சராசரியைப் போல் ஏறக்குறைய 180 மடங்கு அடர்த்தியில். ஆற்றலை வெளியே விட அதற்கு வழியில்லை. வாயு கதிர்வீசி ஆற்றலை இழக்கும், அதனால் மேலும் உள்ளே இறங்கும். இறங்கும்போது கோண உந்தத்தை இழக்க முடியாது என்பதால் வட்டாகச் சுழலும். அக்கம்பக்கத்துச் செறிவுகளின் இழுப்பால் ஹாலோக்களுக்குக் கிடைக்கும் சுழற்சி மிகக் குறைவு, சுழற்சி அளவுரு 0.035 போல. 250 கிலோபார்செக் ஆரமுள்ள ஹாலோவில் அதை வைத்துக் கணக்குப் போட்டால் வட்டின் அளவு 6 கிலோபார்செக்; நம் பால்வெளியின் அளவு வரிசை தானாக வந்துவிடுகிறது.

எந்த ஹாலோவில் எவ்வளவு நட்சத்திரம் என்பதைக் குளிரும் நேரம் முடிவு செய்கிறது. 10¹² சூரிய நிறையில் வாயு பத்து லட்சம் கெல்வின் அளவில் சூடாகும், பேரண்ட வயதுக்குள் குளிர்ந்துவிடும். 10¹⁵ நிறைக் கொத்தில் பத்து கோடி கெல்வின். மையத்தைத் தவிர மற்ற இடங்களில் குளிர நேரமே போதாது. அதனால்தான் அந்த வாயு இன்றும் எக்ஸ் கதிரில் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது, ஒரே ஒரு ராட்சத கேலக்ஸியாகக் குவியவில்லை. சிறிய பக்கத்தில், மறு அயனியாக்கத்துக்குப் (முதல் நட்சத்திரங்களின் ஒளி வாயுவை அயனியாக்கிய காலம்) பிறகு புற ஊதாப் பின்னணி வாயுவைப் பத்தாயிரம் கெல்வினில் வைத்திருப்பதால் 10⁹-க்குக் கீழுள்ள ஹாலோக்களால் வாயுவைப் பிடித்துவைக்க முடிவதில்லை.

குளிர்வை மட்டும் போட்டு ஓட்டினால் கணக்கு வேறு பக்கம் கெடும்: நட்சத்திரம் அளவுக்கு மிஞ்சிப் பிறக்கும். உண்மையில் எல்லா ஹாலோக்களிலும் சிறந்ததான 10¹²-லேயே, பங்காகக் கிடைத்த பேரியான்களில் ஐந்தில் ஒன்றுதான் நட்சத்திரமாகியிருக்கிறது. சிறியவற்றில் சூப்பர்நோவாவும் பெரியவற்றில் மையக் கருந்துளையும் வாயுவைத் தள்ளிவிடுகின்றன.

சிமுலேஷனில் பலரும் சறுக்கும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு சூப்பர்நோவா 10⁵¹ எர்க் கொடுக்கும். நூறு சூரிய நிறை நட்சத்திரத்துக்கு ஒன்று என்று வையுங்கள். அத்தனையும் இயக்கமாக மாறினால், பிறந்த நட்சத்திரங்களின் நிறையளவு வாயுவை நொடிக்கு 1000 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே தள்ளலாம். தாராளம். ஆனால் சிமுலேஷனில் ஒரு வாயுத் துகளே பத்து லட்சம் சூரிய நிறை. ஆற்றலைச் சுற்றியுள்ள சில டஜன் துகள்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் லட்சம், பத்து லட்சம் கெல்வினுக்கு இடையில் நிற்கும். வாயு மிக விரைவாகக் குளிரும் வெப்பநிலையே அதுதான். அடுத்த காலப்படிக்குள் ஆற்றல் கதிர்வீச்சாகப் போய்விடும், வாயு அசையாது. ஈகிள் சிமுலேஷன் குழு இதற்குக் கண்ட வழி, ஆற்றலைச் சேர்த்துவைத்து, தற்செயலாகத் தேர்ந்த சில துகள்களை மட்டும் ஒரேயடியாக 10^7.5 கெல்வின் உயர்த்துவது; அங்கே குளிர்வு மந்தம், அழுத்தம் வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. இல்லஸ்ட்ரிஸ்-டிஎன்ஜி சிமுலேஷனில், வெளியே தள்ளப்படும் வாயுவைக் குறிக்கும் காற்றுத் துகள்களை அடர்ந்த வாயுவைத் தாண்டும் வரை நீர்ம விசைகளிலிருந்து விலக்கிவைக்கிறார்கள். இரண்டுமே பிரிதிறன் போதாமையைச் சமாளிக்கும் உத்திகள். அளவுருக்களைக் கேலக்ஸிகளின் நட்சத்திர நிறைப் பரவலோடு பொருத்தித்தான் நிர்ணயிக்கிறார்கள். ஆகவே அந்தப் பரவல் பொருந்துகிறது என்பதைக் கணிப்பின் வெற்றியாக எடுத்துக்கொள்ளக்கூடாது. பொருத்தாத அளவுகளில் என்ன வருகிறது என்று பார்க்கவேண்டும்.

உங்களுக்கு இப்போது நீர்மவியல் தேவையில்லை. ஹாலோக்களையும் உள்ஹாலோக்களையும் (பெரிய ஹாலோவுக்குள் இருக்கும் சிறியவை) அவை வரலாற்றில் எட்டிய உச்ச நிறைப்படி வரிசைப்படுத்தி, அதே கனஅளவில் கணக்கெடுப்புகளில் கிடைக்கும் கேலக்ஸிகளை நட்சத்திர நிறைப்படி வரிசைப்படுத்தி, ஒன்றுக்கொன்று இணையுங்கள். இன்றைய நிறையை எடுத்தால் தப்பாகும்: கொத்துக்குள் விழுந்த உள்ஹாலோ, நட்சத்திரத்தை இழக்கும் முன்பே இருட்பொருளின் பெரும்பகுதியை உரித்துக் கொடுத்துவிடும். ஆனால் உங்கள் 128³-ல் 10¹² ஹாலோவுக்குக் கிடைப்பது 24 துகள். அதில் உள்ஹாலோ என்று ஒன்றும் மிஞ்சாது. பக்கம் 50, துகள் 256³ என்று போனால் துகள் நிறை 6.5×10⁸, அதே ஹாலோவுக்கு 1500 துகள் கிடைக்கும்.

---

மூன்றாம்_தசமம்

256³-க்கு ஒரு ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்தில் எல்லாத் துகள்களின் பதிவு) 540 மெகாபைட் போல வரும் (இடம், வேகம் ஒற்றைத் துல்லியம், அடையாள எண் 8 பைட்). ஐம்பது ஸ்னாப்ஷாட் வைத்தால் 27 ஜிபி. உச்ச நிறை வேண்டுமென்றால் ஸ்னாப்ஷாட்களைக் குறைக்காதீர்கள், எந்த ஹாலோ எதோடு சேர்ந்தது என்று காட்டும் இணைப்பு மரம் அறுந்துபோகும்.

பக்கம் 50-ஐ வைத்துக் கொத்து எண்ணாதீர்கள். 19 ஹாலோ வந்த இடத்தில் எட்டில் ஒரு பங்கு, இரண்டோ மூன்றோ. பெட்டியைவிடப் பெரிய அலைகள் இல்லாததால் இன்னும் குறையலாம். கொத்துக்கு ஒரு பெரிய பெட்டி, கேலக்ஸிக்கு ஒரு சிறிய பெட்டி என்று தனித்தனியாக ஓட்டுவதே சிக்கனம்.

---

வெற்றுவெளி

கடைசியாக ஒன்று. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி செம்பெயர்ச்சி 14-ல் கேலக்ஸி கண்டதால் இந்த மாதிரியே தப்பு என்று பல இடங்களில் எழுதுகிறார்களே?

---

பழைய_ஒளி

பெருவெடிப்புக்கு 30 கோடி ஆண்டுகளுக்குள் எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமான கேலக்ஸிகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் அளந்தது ஒளியை. ஹாலோ நிறையை இல்லை. ஒளியிலிருந்து நிறைக்குப் போகும் வழியில் குளிர்வாயு சொன்ன அத்தனை நிச்சயமின்மைகளும் உட்கார்ந்திருக்கின்றன. நட்சத்திரப் பிறப்பு விகிதம் திடீர் திடீரென்று எகிறித் தணிந்தாலோ, கனமான நட்சத்திரங்களின் பங்கு கூடினாலோ, தூசி குறைவாக இருந்தாலோ அதே ஹாலோ பல மடங்கு பிரகாசமாகத் தெரியும். மாதிரியைக் கவிழ்க்க, அந்தக் காலத்தில் இருக்கக்கூடிய ஹாலோக்களின் மொத்தப் பேரியான்களையும் தாண்டிய நட்சத்திர நிறை தேவை. செம்பெயர்ச்சி 14-ல் உறுதிசெய்யப்பட்ட கேலக்ஸி எதுவும் அந்த வரம்பைத் தாண்டவில்லை.

உங்கள் பெட்டியில் இதைச் சோதிக்க முடியாது. செம்பெயர்ச்சி 14-ல் 10¹¹ நிறை ஹாலோவே மிக அபூர்வம்; உங்களுக்கு அது இரண்டரைத் துகள்.